ஓலை தம்பலகாமத்தில், கோப்பு யார் கையில்?

கேள்வி: திருகோணமலையில் ஒரு பல்கலைக்கழக வளாக நூலகத்தில் உதவி நூலகராக வேலை செய்கிறேன். தம்பலகாமத்தில் ஒரு பரம்பரை வைத்தியர் வீட்டில் சுமார் 40 ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. நகரில் ஒரு பழைய பாடசாலை தன் சம்பவத் திரட்டுகள் (அன்றாட நிகழ்வுகளை எழுதிவைக்கும் புத்தகங்கள்), சேர்வு இடாப்புகள், ஆண்டு மலர்கள் எல்லாவற்றையும் தரச் சம்மதித்திருக்கிறது. மூதூரில் ஒரு பெரியவரிடம் நாட்டார் பாடல்கள் பதிந்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய உண்டு. வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, "ஸ்கான் பண்ணி அனுப்புங்கள், எங்கள் சேர்வரில் ஏற்றிவிடுகிறோம்" என்கிறது. எங்களிடம் இருப்பதோ ஒரு தட்டை ஸ்கானரும் இரண்டு ஊழியர்களும். எதிலிருந்து தொடங்குவது, யாரோடு சேர்வது?

பதில்: ஸ்கானர் கதையைப் பிறகு பார்ப்போம். "அனுப்புங்கள், ஏற்றிவிடுகிறோம்" என்ற அந்த வரியில்தான் என் கண் நின்றது. அனுப்பிய பிறகு உங்கள் நூலகத்தில் என்ன மிஞ்சும்? ஓர் இணைய முகவரி மட்டும் மிஞ்சுமானால், சேகரிப்பு அவர்களுடையது. நீங்கள் அதற்குக் கூலி வாங்காத ஸ்கான்காரர்.

கசப்பாகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம், பட்டதால் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் ஒரு சிறுசஞ்சிகைத் தொகுதியை இதே அவசரத்தில் நாங்கள் ஒரு கூட்டாளி நிறுவனத்துக்கு வன்தட்டோடு அனுப்பிவைத்தோம். திட்டப் பணம் முடிந்தது, தளமும் மூடப்பட்டது. எங்களிடம் இருந்தவை மின்னஞ்சலில் மாதிரிக்கு அனுப்பிய தபால்தலை அளவுப் படங்கள்தான். திரும்ப ஸ்கான் பண்ணலாம் என்று உரிமையாளர் வீட்டுக்குப் போனால், அலுமாரியில் கறையான்.

பெரிய இடமென்றால் பத்திரம் என்பதும் முழு உண்மையில்லை. 2023 ஒக்டோபரில் பிரித்தானிய நூலகமே இணையத் தாக்குதலுக்கு உள்ளாகி, அதன் இணையச் சேவைகள் பல மாதக்கணக்கில் முடங்கிக் கிடந்தன. உள்ளூரில் முதன்மைக் கோப்பை வைத்திருந்தவர்களுக்கு அது ஒரு தொந்தரவு. இணைப்பை மட்டும் நம்பியிருந்தவர்களுக்கு அலுமாரியே காணாமல் போன மாதிரி.

அதற்காகக் கூட்டுச் சேராதீர்கள் என்று சொல்ல வரவில்லை. இரண்டு ஊழியர்களோடு தனியாக இழுத்தால் இடைவழியில் நின்றுவிடும். நல்ல கூட்டுக்குச் சென்னையிலேயே உதாரணம் உண்டு. கோட்டையூரில் வாழ்ந்த நூல் சேகரிப்பாளர் ரோஜா முத்தையா 1992இல் மறைந்த பிறகு, அவர் சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. ஆனால் அவற்றைக் கப்பலேற்றவில்லை. 1994இல் சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாக நிறுவி, நுண்படம் எடுக்கும் வேலையையும் அங்கேயே செய்வித்தார்கள். நூலும் கைத்திறனும் ஊரில் தங்கின, பிரதி மட்டும் கடல் தாண்டியது. உங்கள் வெளிநாட்டு நண்பர்களிடம் இந்த ஏற்பாட்டை எடுத்துச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள்.

முதலில் கதவைத் தட்ட வேண்டியது யாழ்ப்பாணத்தில் என்பேன். 2005இல் தொடங்கிய, 'நூலகம்' என்றே பெயர் கொண்ட எண்ணிம நூலகம் ஈழத்து எழுத்துகளைத் தமிழிலேயே பட்டியலிட்டு வருகிறது. படம், ஒலி, ஓலை போன்றவற்றுக்கு ஆவணகம் என்று தனித் தளமும் வைத்திருக்கிறது. பாடசாலையின் ஆண்டு மலர்களில் பாதியை அவர்கள் ஏற்கெனவே ஏற்றியிருந்தாலும் ஆச்சரியமில்லை. அங்கே தேடிப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கினால் இரண்டு மாத உழைப்பு மிச்சமாகலாம். பணம் வேண்டுமென்றால் பிரித்தானிய நூலகத்தின் அழிவுறு ஆவணக் காப்பகத் திட்டம் 2004 முதல் இயங்குகிறது. மூலங்கள் நாட்டை விட்டு வெளியேறக்கூடாது, பிரதி ஒன்று உள்ளூர் நிறுவனத்தில் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஓலைக்கு அது பொருந்தும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழக நூலகம் 2018இல் தொடங்கிய திட்டம் 20, 21ஆம் நூற்றாண்டுப் பொருள்களுக்கானது. உங்கள் ஒலிநாடா அந்தப் பக்கம். இரண்டுமே இணையத்தில் திறந்து வைப்பதை எதிர்பார்ப்பவை. மறைத்து வைக்க வேண்டியதை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சரி, காகிதத்தில் என்ன எழுதுவது? வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு செய்யும் புரிந்துணர்வு உடன்படிக்கையில் நூலகர் தானே கையெழுத்திட முடியாது. அது துணைவேந்தர் வழியாகப் பேரவைக்குப் போய் வர வேண்டும், மாதங்கள் எடுக்கும். ஆகவே இன்றைக்கே அலுவலகத்தில் அதற்கான வேலையைத் தொடங்கி வையுங்கள். உடன்படிக்கையில் எனக்கு முக்கியமானவை இவை: சுருக்காத முதன்மைக் கோப்புகள் உங்கள் நூலகத்தில் இருக்கும், அவர்களுக்குப் போவது பிரதி. அவர்களுக்குக் கொடுக்கும் அனுமதி அவர்களுக்கு மட்டுமேயான அனுமதியாக இருக்கக்கூடாது. நாளை 'நூலகம்' எண்ணிம நூலகத்துக்கும் அதையே கொடுக்க உங்களுக்குச் சுதந்திரம் வேண்டும். தளத்தை மூடுவதாக இருந்தால் எத்தனை மாதம் முன்பே அறிவிப்பார்கள் என்பதும், உரிமையாளர் குடும்பம் ஒரு படத்தை எடுக்கச் சொன்னால் யார் எத்தனை நாளுக்குள் எடுப்பது என்பதும் எழுத்தில் வர வேண்டும். இந்தக் கடைசி வரியைப் போடத் தயங்கும் கூட்டாளியிடம் நானும் தயங்குவேன்.

கோப்புகளையே அனுப்பாத வழியும் ஒன்று உண்டு. பல்கலைக்கழக ஆய்வேடுகளை ஏற்ற நம் நாட்டில் பலரும் பாவிக்கும் டிஸ்பேஸ் மென்பொருளில் சேகரிப்பை வைத்தால், தலைப்பு, ஆசிரியர் போன்ற விவரங்களை மட்டும் மற்ற தளங்கள் தானாக அறுவடை செய்துகொள்ளும். அவர்கள் தளத்தில் தேடுபவர் உங்கள் தளத்துக்கு வந்து படத்தைப் பார்ப்பார். இதற்குச் சம்மதிக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வைத்தியர் வீட்டு விஷயம் வேறு. அங்கே உடன்படிக்கை, பேரவை என்று போய் நின்றால் படலையிலேயே கதை முடிந்துவிடும். ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் போதும். ஆனால் அதைக் கொடுக்கும் முன் விறாந்தையில் உட்கார்ந்து பேசவேண்டியது நிறைய. வாகடச் சுவடிகளில் மருந்து முறைகள் இருக்கும், சில கட்டுகளில் மந்திரமும் இருக்கலாம். எதை எல்லோரும் பார்க்கலாம், எதை நூலகத்துக்குள் வந்துதான் பார்க்கலாம், எதைத் தங்கள் காலம்வரை மூடி வைக்க வேண்டும் என்பதைக் கட்டுக் கட்டாக அவர்களே சொல்லட்டும். வீட்டில் ஒரு அண்ணன் சம்மதித்தால் போதாது, பங்காளிகள் எல்லோரையும் கேளுங்கள். ஓலையைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுவரவும் வேண்டாம். அவர்கள் வீட்டிலேயே, அவர்கள் முன்னிலையிலேயே ஏட்டை எண்ணி, படம் எடுத்து, திரும்ப எண்ணிக் கொடுங்கள். இந்த எண்ணிக்கைதான் அடுத்த வீட்டின் கதவையும் திறக்கும்.

ஓலைக்கு உங்கள் தட்டை ஸ்கானர் ஆகாது. மூடியை அழுத்தினால் காய்ந்த ஏடு வெடித்துவிடும். கமராவை மேலிருந்து கீழ்நோக்கிப் பொருத்தி, இரண்டு பக்கமும் 45 பாகையில் விளக்கு வைத்து, அளவுகோலும் நிற அட்டையும் படத்துக்குள் வரும்படி எடுங்கள். ஏடுகள் இடம் மாறியிருப்பது தெரிந்தாலும் அடுக்கைத் திருத்தாமல் இருந்தபடியே எடுத்துவிட்டு, வரிசையைக் குறிப்பில் எழுதுங்கள். எண்ணெய் பூசித் துடைக்கும் வேலை பழகியவர் கைக்கு உரியது.

பாடசாலைப் பொருளில் ஆண்டு மலர் சுலபம், இடாப்பு சிக்கல். சேர்வு இடாப்பில் பிள்ளையின் பிறந்த திகதி, தகப்பன் பெயர், முகவரி, சமயம் எல்லாம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் பலர் இன்றும் நம்மோடு இருப்பவர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், இந்த மாவட்டம் கடந்து வந்த காலத்தை நினைத்தாலே ஊர், பெயர், முகவரி வரிசையாக உள்ள பட்டியலை இணையத்தில் போட மனம் வரக்கூடாது. ஸ்கான் பண்ணிப் பூட்டி வையுங்கள்.

பதிப்புரிமை பற்றிச் சுருக்கமாக. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் ஆயுளும் அதன் பின் 70 ஆண்டும். சுவாமி விபுலாநந்தர் 1947இல் மறைந்தார். ஆகவே அவர் எழுதியவற்றுக்கு 2017உடன் உரிமை முடிந்தது. அவரைப் பற்றிப் பிற்காலத்தில் ஒருவர் எழுதி மலரில் வந்த கட்டுரைக்கு அந்தக் கணக்குச் செல்லாது. ஆண்டு மலரென்றால் பாடசாலையின் அனுமதியை எழுத்தில் வாங்கி, எழுதியவர் யாராவது ஆட்சேபித்தால் அந்தக் கட்டுரையை எடுப்போம் என்று தளத்தில் சொல்லிவிடுங்கள்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதை முதலிலேயே கணக்குப் பாருங்கள். ஏ4 பக்கம் ஒன்றை 400 டிபிஐயில் வண்ணத்தில் சுருக்காத டிஃப் கோப்பாக எடுத்தால் ஏறத்தாழ 46 மெகாபைட். 150 பக்க மலர் ஒன்றுக்கு 7 ஜிகாபைட், 100 மலருக்கு 700. அதை மூன்று பிரதியாக வைக்க வேண்டும். ஒன்றாவது திருகோணமலைக்கு வெளியே இருக்கட்டும். 2004 மார்கழிக்குப் பிறகு நம் கரையில் இதற்கு விளக்கம் தேவையில்லை. ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்புத் தொகை (கோப்பு கொஞ்சம் மாறினாலும் காட்டிக்கொடுக்கும் எண்) எடுத்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒப்பிடுங்கள். வன்தட்டு சத்தமில்லாமல் கெடும் சாமான்.

இனி, கூட்டில் உங்கள் பங்கு என்ன என்ற கேள்வி. காசும் சேர்வரும் அவர்களிடம் இருக்கலாம், ஒவ்வொரு பொருளும் என்ன, யாருடையது என்று சொல்லும் விவரணையை எழுத அவர்களால் முடியாது. ஓர் உதாரணம்: கோணேசர் கல்வெட்டு என்ற பெயரைப் பார்த்தால் தெரியாத ஒருவர் அதைச் சாசனம் என்று வகைப்படுத்திவிடுவார். அது கவிராச வரோதயர் பெயரில் வழங்கும், ஏட்டில் வந்த நூல் என்பது இங்கே படித்தவருக்குத் தெரியும். தம்பலகாமமே தம்பைநகர் என்று பாட்டில் வரும், சிங்களத்திலும் பழைய ஆங்கிலக் கடிதங்களிலும் வேறு வேறு எழுத்துக்கூட்டலில் வரும். எல்லா வடிவத்தையும் ஒரே பதிவில் கோக்க உள்ளூர் ஆள் வேண்டும். விவரணைக்கு உலகெங்கும் பாவிக்கும் டப்ளின் கோர் என்ற வரையறையின் 15 புலங்கள் போதும், ஆனால் அவற்றைத் தமிழில் நிரப்புங்கள், யூனிகோடில் நிரப்புங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பட்டியல் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒவ்வொரு வரியாகக் கண்ணால் பாருங்கள். மாற்றியில் கொம்பும் காலும் இடம் மாறும்.

விவரணையை எழுதியவர் உங்கள் நூலகம் என்று ஒவ்வொரு பதிவிலும் பெயர் வர வேண்டும் என்பதையும் உடன்படிக்கையில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் கேட்டால் நடக்காது.

எதிலிருந்து தொடங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் ஓலை என்பார்கள், படம் பிடித்தால் அழகாக இருக்கும், நிதி கொடுப்பவருக்கும் பிடிக்கும். நான் மூதூர் ஒலிநாடா என்பேன். ஓலை இத்தனை தலைமுறை தாங்கிவிட்டது, இன்னும் இரண்டு வருடம் தாங்கும். நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது, அதை ஓட்டும் பெட்டியோ கடையில் இல்லை. அதற்கு மேல், எந்தப் பாட்டை எந்த ஊரில் யார் பாடினார் என்பது உறையில் எழுதியிராது. அது அந்தப் பெரியவர் தலைக்குள் இருக்கிறது.

அடுத்த தடவை போகும்போது ஸ்கானரை விட்டுவிட்டு ஒரு குறிப்புப் புத்தகமும் நல்ல ஒலிப்பதிவுக் கருவியும் எடுத்துப் போங்கள். நாடாக்களுக்கு எண் போட்டு, மேல் விளிம்பில் உள்ள இரண்டு சிறு தாவல்களையும் உடைத்துவிடுங்கள். தவறி யாரும் மேலே பதிந்துவிட முடியாது. பூஞ்சணம் பிடித்ததை ஓட்டிப் பார்க்காமல் தனியாக ஒரு உறையில் போடுங்கள். ஒரு மணி நேர நாடாவை 24 பிட், 96 கிலோஹேர்ட்ஸில் வேவ் கோப்பாக மாற்றினால் 2 ஜிகாபைட் சொச்சம் வரும், அது உங்கள் கணினிக்குத் தாங்கும். மாற்றிய பிறகு அவருக்கே போட்டுக் காட்டுங்கள். கேட்டுக்கொண்டே அவர் பேசுவதையும் பதியுங்கள்.