வேலை பார்த்த பிறகு ஐடிலிங் ஏறி இறங்குகிறதா? கேள்வி பதில்

வீட்டிலேயே காரைப் பிரித்து வேலை பார்த்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. எல்லாருக்கும் புலம்பல் ஒன்றுதான். நேற்றுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சின், கை வைத்த பிறகு ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் சும்மா ஓடும்போது, ஏறி இறங்குகிறது, இல்லையென்றால் உதறுகிறது. புதிதாக சென்சார் எதுவும் வாங்கி வைத்திருந்தால் படித்து முடிக்கும்வரை அட்டைப்பெட்டியைப் பிரிக்காதீர்கள்.

கேள்வி: அண்ணா, ஏர் ஃபில்டர் மாற்றி, த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தேன். மாட்டியதிலிருந்து ஆர்பிஎம் 800க்கும் 1800க்கும் நடுவே ஊஞ்சல் ஆடுகிறது. என்ன உடைத்துவிட்டேன்?

அநேகமாக எதையும் உடைக்கவில்லை. அந்த ஊஞ்சல் எப்படி வருகிறது என்று புரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. த்ராட்டில் (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் தட்டு) மூடியிருக்கிறது, ஆனால் வேறெங்கோ இருந்து காற்று உள்ளே போகிறது, அதனால் ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுற்றும் வேகம், ஏறுகிறது. ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பார்க்கிறது: ஆக்சிலரேட்டரில் கால் இல்லை, ஆர்பிஎம் மட்டும் அதிகம், சரி, இவர் காலை எடுத்துவிட்டு வண்டியை உருளவிட்டிருக்கிறார் என்று நினைத்து எரிபொருளை நிறுத்திவிடுகிறது. ஆர்பிஎம் விழுகிறது. அணைந்துவிடாமல் இருக்க மறுபடி எரிபொருள் கொடுக்கிறது, மறுபடி ஏறுகிறது. இதே சுற்று ஓயாமல் நடக்கும். அதனால்தான் ஒரே தாளத்தில் ஆடுகிறது.

கழற்றிய வழியிலேயே திரும்பிப் போங்கள். ஃபில்டர் பெட்டியிலிருந்து த்ராட்டில் பாடி வரை வரும் ரப்பர் குழாயின் க்ளாம்ப் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, குழாயின் மடிப்புக்கு அடியில் விரிசல் இருக்கிறதா (மேலிருந்து பார்த்தால் தெரியாது, விரித்துப் பார்க்க வேண்டும்), த்ராட்டில் பாடிக்கும் மேனிஃபோல்டுக்கும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துவிடும் குழாய்த் தொகுதி) இடையே உள்ள கேஸ்கெட் நகர்ந்திருக்கிறதா, சின்ன ஹோஸ் ஏதாவது மாட்டாமல் தொங்குகிறதா என்று பாருங்கள். ஒரு தடவை நான் அரை நாள் இக்னிஷன் காயிலைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன், கடைசியில் சுண்டுவிரல் தடிமன் ஹோஸ் ஒன்று பின்னால் விழுந்து கிடந்தது.

எல்லாம் சரியாக இருந்தும் ஐடிலிங் நிற்கவில்லை, த்ராட்டிலும் கேபிள் இல்லாத எலக்ட்ரானிக் வகை என்றால், ஈசியூ பழைய கரியோடு பழகிய கணக்கிலேயே இருக்கிறது. கரி அடைத்திருந்தபோது திறந்த அளவுக்கே இப்போதும் திறந்தால் காற்று கூடுதலாகப் போகத்தானே செய்யும். ஐடில் ரீலேர்ன், அதாவது ஐடிலிங் அளவை ஈசியூவுக்குப் புதிதாகப் பழக்குவது, செய்ய வேண்டும், அதன் முறை ஒவ்வொரு வண்டிக்கும் வேறு, சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இந்த வகையில் தட்டை விரலால் தள்ளித் திறக்காதீர்கள், உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் கியர் போய்விடலாம்.

கேள்வி: காற்று எங்கே ஏறுகிறது என்று கண்டுபிடிக்க கார்ப் க்ளீனரை அடிக்கச் சொல்கிறார்களே, செய்யலாமா?

வேலை செய்யும், ஆனால் அது தீப்பற்றும் ஸ்ப்ரே, சூடான எஞ்சினில், பக்கத்தில் தீப்பொறி இருக்கும் இடத்தில் அடிக்கிறீர்கள் என்பதை மறக்க வேண்டாம். எனக்குப் பிடித்தது வெறும் தண்ணீர் ஸ்ப்ரே. காயில், ஒயர் இருக்கும் பக்கம் போகாமல் இணைப்புகளில் மட்டும் கொஞ்சமாக அடித்தால், லீக் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒரு நொடி அடைத்துக்கொண்டு சத்தமோ ஆர்பிஎம்மோ மாறும். அதற்கு முன்னால் காதை வையுங்கள், "உஸ்" என்ற சத்தமே பல நேரம் காட்டிக்கொடுத்துவிடும். அப்புறம் ஹோஸ்களை ஒவ்வொன்றாக மெதுவாக நெருக்கிப் பார்க்கலாம், எதை நெருக்கியதும் ஐடிலிங் மாறுகிறதோ அந்த வழியைத் தேடுங்கள். இதிலும் பிடிபடாவிட்டால் ஸ்மோக் டெஸ்ட்தான், காற்றுப் பாதையில் புகையை ஏற்றி எங்கே கசிகிறது என்று பார்ப்பது.

கேள்வி: ஸ்கேனரில் பி0171 வருகிறது, லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் +22. ஆக்சிஜன் சென்சாரை மாற்றிவிடவா?

வேண்டாம் சார். அது "எரிபொருள் போதவில்லை, காற்று அதிகம்" என்று சேதி சொல்கிறது, சேதி சொன்னவனை ஏன் அடிக்க வேண்டும்? நியூட்ரலில் 2500 ஆர்பிஎம்மில் பிடித்து ட்ரிம்மை, அதாவது ஈசியூ எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதைப் பாருங்கள். ஐடிலிங்கில் +22 இருந்தது, அங்கே பூஜ்ஜியம் பக்கம் வந்துவிட்டால் காற்று லீக். வேகம் கூடும்போது லீக்கின் பங்கு சிறுத்துவிடும், அதனால் அப்படி. மாறாக வேகம் கூடக் கூட ட்ரிம்மும் கூடினால் எரிபொருள் அழுத்தம் குறைவு, அல்லது உள்ளே போகும் காற்றை அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரில் அழுக்கு. எண்ணெய் தடவிய ஃபில்டர் போட்டவர்கள் இந்த சென்சாரை முதலில் பார்க்கலாம். அதற்கென்று விற்கும் க்ளீனர் மட்டும்தான், கார்ப் க்ளீனர் அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் மெல்லிய கம்பியைத் தொடவும் கூடாது.

கேள்வி: என் வண்டியில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சாரே இல்லை, மேப் சென்சார்தான். ட்ரிம் எல்லாம் நார்மல், ஐடிலிங் மட்டும் 1400.

லீக் இருக்கலாம். மேப் சென்சார் மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்ப்பதால் திருட்டுக் காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட்டு எரிபொருள் கொடுத்துவிடும். ட்ரிம் கெடாது, ஆர்பிஎம் மட்டும் ஏறும்.

கேள்வி: கூலன்ட் மட்டும்தான் மாற்றினேன். இதற்கும் ஐடிலிங்குக்கும் என்ன சம்பந்தம்?

ஏர் லாக். கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரைச் சுற்றிக் காற்றுக் குமிழி நின்றால் எஞ்சின் சூட்டை அது தப்பாகச் சொல்லும், ஈசியூவும் அதற்கேற்ற எரிபொருளைக் கொடுக்கும். பழைய சில வண்டிகளில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஐடிலிங்கைத் தூக்கிவைக்கும் வால்வே கூலன்ட் சூட்டில்தான் மூடும். சூடான கூலன்ட் அங்கே போய்ச் சேராவிட்டால் அது திறந்தபடியே நிற்கும், ஐடிலிங் ஊஞ்சலாடும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மூடியைத் திறந்து, ப்ளீடர் இருந்தால் அதன் வழியாகக் காற்றை வெளியேற்றி, அளவைச் சரிசெய்யுங்கள். சூட்டோடு மூடியைத் திறக்கவே கூடாது.

கேள்வி: ஸ்பார்க் ப்ளக் மாற்றினேன். ஆர்பிஎம் ஏறி இறங்கவில்லை, ஆனால் ஸ்டீயரிங் வரை உதறுகிறது.

இது மிஸ்ஸிங், அதாவது ஒரு சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை, மேலே சொன்ன ஊஞ்சலோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். காயில் கனெக்டர் "க்ளிக்" என்று உட்கார்ந்ததா? கீழே விழுந்த ப்ளக் ஏதாவது மாட்டினீர்களா, பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா? பி0302 வந்தால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் காயிலை மூன்றாவதில் மாட்டிப் பாருங்கள், கோடு பி0303 ஆக மாறினால் காயில்தான் குற்றவாளி. இந்த உதறலோடு நாள்கணக்கில் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும்.

கேள்வி: டீசல் வண்டி. டீசல் ஃபில்டர் மாற்றியதிலிருந்து ஏறி இறங்குகிறது.

டீசல் லைனில் காற்று. ஹேண்ட் பிரைமர் (டீசலைக் கையால் அழுத்தி ஏற்றும் பம்ப்) இருந்தால் கெட்டியாகும்வரை அழுத்துங்கள். திரும்பத் திரும்ப வந்தால் ஃபில்டரின் சீலைப் பாருங்கள்.

கேள்வி: டைமிங் பெல்ட்டை நானே மாற்றினேன். ஐடிலிங் கரடுமுரடு, இழுவையும் இல்லை. ஓட்டி ஓட்டி சரியாகுமா?

ஆகாது, உடனே நிறுத்துங்கள். ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். மேனிஃபோல்டில் உள்ள வெற்றிடத்தை அளக்கும் வேக்யூம் கேஜ் மாட்டினால் நல்ல எஞ்சின் ஐடிலிங்கில் சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், உங்களுடையது கீழேயே அசையாமல் நின்றால் டைமிங் சந்தேகம் பலமாகிறது. ஆனால் கேஜ் மாட்டுவதற்கு முன்பே, ஸ்டார்ட் செய்யாமல், கையால் சுற்றி மார்க்குகளைச் சரிபாருங்கள். சில எஞ்சின்களில் தப்பு பெரிதானால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

கேள்வி: நான் எஞ்சினைப் பிரிக்கவே இல்லை, வெறும் ஆயில் சேஞ்ச்தான்! எனக்கு ஏன் உதறுகிறது?

டிப்ஸ்டிக் முழுதாக உள்ளே இறங்கியிருக்கிறதா? ஆயில் ஊற்றும் மூடி எங்கே? அது திறந்திருந்தாலும் பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் வாயுவைக் காற்றுப் பாதைக்குத் திருப்பி அனுப்பும் வால்வு) வழியாகக் காற்று ஏறும். போய் பேட்டரி மேலே பாருங்கள், அங்கேதான் வைத்திருப்பீர்கள்.