எழுத்தாளருக்கு இணையதளம்: எதற்குச் செலவழிக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வெளியிட்டிருக்கிறேன். எனக்கென்று இணையதளம் வேண்டும். வடிவமைத்துத் தருபவர்கள் பெரிய தொகை கேட்கிறார்கள். நானே செய்துகொள்ள முடியுமா?

முடியும். கட்டாயச் செலவு ஒன்றுதான்: டொமைன், அதாவது உங்கள் பெயரில் ஒரு முகவரி. அதற்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. முதல் ஆண்டு விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். புதுப்பிப்புக் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். முதலில் மலிவாகக் கொடுத்து, இரண்டாம் ஆண்டு பல மடங்கு கேட்பவர்கள் நிறைய. டாட் காம் முகவரியை 10 ஆண்டுகள் வரை சேர்த்தே பதிவு செய்யலாம்.

வாங்கும்போது கூடவே எஸ்.எஸ்.எல். சான்றிதழ் (தளத்துக்கும் வாசகருக்கும் இடையிலான தொடர்பைப் பிறர் படிக்காமல் காப்பது), 'தளப் பாதுகாப்பு' என்று கூடையில் சேர்த்துவிடுவார்கள். நீக்கிவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற அமைப்புகள் சான்றிதழை இலவசமாகவே தருகின்றன. நல்ல தளச் சேவைகள் அதைத் தாமாகவே பொருத்திவிடும்.

டொமைன் உங்கள் கணக்கில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. உதவி செய்யும் நண்பரின் கணக்கில் பதிவானால், அவர் தொடர்பில் இல்லாத நாளில் உங்கள் பெயரே உங்கள் கையில் இருக்காது. கணக்குக்குக் கொடுக்கும் மின்னஞ்சலும் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த அஞ்சலும் நின்றுபோகும். மீட்பதற்கான கடவுச்சொல்லைக்கூடப் பெற முடியாது.

கேள்வி: பிளாகரா, வேர்ட்பிரஸா?

கதை, கட்டுரை, நூல் பட்டியல், தொடர்பு முகவரி இவ்வளவுதான் தேவை என்றால் கூகுளின் வலைப்பதிவுச் சேவையான பிளாகர் போதும். இடமும் இலவசம், சொந்த டொமைனை இணைப்பதும் இலவசம். வேர்ட்பிரஸ் என்பது தளம் அமைக்கும் மென்பொருள். அதைத் தானே நடத்தித் தரும் சேவையான வேர்ட்பிரஸ் டாட் காமின் இலவசத் திட்டத்தில் சொந்த டொமைனை இணைக்க முடியாது, விளம்பரமும் வரும். வேர்ட்பிரஸ் மென்பொருளை வாடகை ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) நீங்களே நிறுவினால் சுதந்திரம் அதிகம், ஆனால் செருகுநிரல்களை (கூடுதல் வசதி சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) விடாமல் புதுப்பிக்க வேண்டும். கவனிக்காமல் விட்ட பழைய செருகுநிரல் வழியாகத்தான் பெரும்பாலும் ஹேக்கர்கள் தளத்துக்குள் நுழைகிறார்கள். எழுதும் நேரத்தை அதற்குக் கொடுக்க வேண்டுமா என்று யோசியுங்கள். நிரல் பழக்கம் உள்ளவர்களுக்கு ஹியூகோ என்ற மென்பொருளில் நிலைப்பக்கங்களை (முன்கூட்டியே தயாரித்து வைக்கும் பக்கங்கள்) உருவாக்கி, கிட்ஹப் பேஜஸ் என்ற சேவையில் ஏற்றுவது சிறந்த வழி. அதுவும் இலவசம்.

கேள்வி: பிளாகரில் டொமைனை இணைத்துவிட்டேன். 'டபிள்யூ டபிள்யூ டபிள்யூ' சேர்த்தால் திறக்கிறது, சேர்க்காவிட்டால் வேறு ஏதோ பக்கம் வருகிறது. ஏன்?

டொமைன் வாங்கிய இடத்தில், பிளாகர் கொடுத்த இரண்டு சி-நேம் பதிவுகளை (ஒரு முகவரியை இன்னொரு முகவரிக்குக் காட்டும் வரிகள்) மட்டும் போட்டிருப்பீர்கள். அவற்றில் ஒன்று 'டபிள்யூ'க்களுடன் கூடிய முகவரிக்கு, மற்றது டொமைன் உங்களுடையது என்று உறுதிசெய்ய. வெறும் முகவரிக்கு நான்கு 'ஏ' பதிவுகள் (முகவரியைச் சர்வரின் எண்ணுக்குக் காட்டும் வரிகள்) தேவை. அவற்றுக்கான எண்கள் பிளாகரின் உதவிப் பக்கத்தில் உள்ளன. டொமைன் விற்றவர் ஏற்கெனவே போட்டுவைத்த 'ஏ' பதிவு அங்கே இருக்கும். அதுதான் அந்த 'வேறு ஏதோ பக்கம்'. முதலில் அதை நீக்குங்கள். பிறகு பிளாகர் அமைப்புகளில் வெறும் முகவரியைத் திருப்பிவிடும் பொத்தானையும், எச்.டி.டி.பி.எஸ். (பாதுகாப்பான தொடர்பு) பொத்தான்கள் இரண்டையும் இயக்குங்கள். மாற்றம் எங்கும் பரவ 48 மணி நேரம்வரை ஆகலாம். அதுவரை பதிவுகளை மறுபடி மறுபடி மாற்றாதீர்கள். எந்த மாற்றம் வேலை செய்தது என்றே தெரியாமல் போகும்.

கேள்வி: தமிழில் தலைப்பு வைத்தால் இணைப்பு விநோதமாக வருகிறது. பழைய கதைகளோ யுனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கின்றன.

யுனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறை. இணையத்தில் வழங்கும் அதன் யு.டி.எஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. இணைப்பில் அது விழுக்காட்டுக் குறியுடன் 9 எழுத்தாக நீள்கிறது. 'கதை' என்பதில் க, த, ஐகாரக் குறி என மூன்று குறியீடுகள். இணைப்பில் 27 எழுத்துகள். வேர்ட்பிரஸ் 200 எழுத்தோடு நிறுத்திவிடும், அதனால் நீண்ட தலைப்பு பாதியில் அறுபடும். பிளாகரோ தமிழை விட்டுவிட்டு 'பிளாக் போஸ்ட்' என்று பொதுப்பெயர் போட்டுவிடும். ஆகவே வெளியிடும் முன்பே பெர்மாலிங்க் (பதிவின் நிலையான இணைப்பு) பகுதியில் ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று சொற்களைத் தட்டச்சிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றினால், வாசகர்கள் பகிர்ந்த இணைப்புகள் உடையும்.

பாமினிக் கோப்பை அப்படியே ஒட்டக் கூடாது. அதில் இருப்பவை உண்மையில் ஆங்கில எழுத்துகள். தேடுபொறிக்கு உங்கள் கதை தமிழாகவே தெரியாது. யுனிகோடு மாற்றியில் இட்டு மாற்றி, ஒரு முறை முழுக்கப் படித்துத் திருத்துங்கள். இடையில் உள்ள ஆங்கிலச் சொற்கள் பொருளற்ற தமிழாக மாறியிருக்கும். எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் இலவசம், நீண்ட வாசிப்புக்கு ஏற்றது. வரி இடைவெளி எழுத்தளவைப்போல் 1.7 மடங்கு இருக்கட்டும். மேலும் கீழும் கொம்பும் சுழியும் உள்ள எழுத்துக்கு நெருக்கமான வரி கண்ணைப் படுத்தும்.

கேள்வி: எல்லாக் கதைகளையும் தளத்தில் போடலாமா?

இதழுக்கு அனுப்பவிருக்கும் கதையைப் போடாதீர்கள். பல இதழ்கள் தளத்தில் வந்ததை ஏற்கெனவே பிரசுரமானதாகவே கருதுகின்றன. நூலாக வந்தவற்றுக்குப் பதிப்பக ஒப்பந்தத்தைப் பாருங்கள்.

கேள்வி: தளம் அழிந்துபோனால்?

பிளாகரில் உள்ளடக்கத்தை மாதம் ஒருமுறை இறக்கிவையுங்கள். பதிவுகள் உள்ள கோப்பில் எழுத்து மட்டுமே இருக்கும், படங்களுக்கு இணைப்புதான். அட்டைப் படங்களின் மூலக் கோப்புகளைத் தனியே சேமித்து வையுங்கள்.