ராம்நாட்டுக்குப் பக்கத்தில் கடலோரமாகக் குடியேற எந்த ஊர் நல்லது?

கேள்வியில் நீங்கள் சொன்னது இவ்வளவு: கணவருக்கு ராமநாதபுரத்துக்கு, அதாவது ராம்நாட்டுக்கு மாற்றல், வங்கி வேலை. உங்களுக்கு வீட்டிலிருந்தே கணினி வேலை. இரண்டே பேர். சென்னையில் இவ்வளவு நாள் இருந்தாயிற்று, இனி கடல் பக்கத்தில் இருக்க ஆசை. மண்டபமா, கீழக்கரையா, தேவிபட்டினமா?

என் பதில், ராம்நாட்டுக்கும் மண்டபத்துக்கும் நடுவில் இருக்கும் உச்சிப்புளி. நீங்கள் கேட்ட மூன்றில் அது இல்லை என்பது தெரியும். நாங்களும் அதைத் தேடி வந்தவர்கள் இல்லை. மண்டபத்தில் ஒரு வருடம் பட்டுத் தெளிந்த பிறகுதான் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

எங்கள் வீட்டில் நிலைமை உங்களுக்குத் தலைகீழ். என் மனைவி ராம்நாட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். நான் வீட்டில் உட்கார்ந்து மதுரையில் சில கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறவன். வந்த புதிதில் தெருவில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் "தம்பிக்கு வேலை எங்க?" என்று கேட்பார்கள். வீட்டிலேதான் என்றால் ஒரு நிமிடம் பேச்சு நின்றுபோகும். அதை விடுங்கள், பழகிவிட்டது.

மண்டபத்து வீட்டைப் பார்க்க நாங்கள் போனது தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெற்குப் பக்கம், மன்னார் வளைகுடா ஓரம். தரகர் முதலில் சமையலறையையோ குழாயையோ காட்டவில்லை. நேராக மாடிக்குக் கூட்டிப்போய் ஜன்னலைத் திறந்தார். அலையே இல்லாத கடல், தூரத்தில் ஒரு தீவு, நாலைந்து வல்லம் படகு. பத்து நிமிடத்தில் அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம். கடல் தெரியும் வீடு என்று வாடகையிலும் கொஞ்சம் கூடுதல்.

வைகாசியில் கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று பிடித்தது. சோற்றில் மணல், படுக்கையில் மணல், என் கீபோர்டில் மணல். கதவு அறைந்து அறைந்து ஒரு கீல் கழன்றே போனது. புரட்டாசி வரைக்கும் அந்த ஜன்னலைச் சாத்தித்தான் வைத்திருந்தோம். கூடுதல் வாடகை கொடுத்த அதே ஜன்னல்.

இங்கே ஒரு விஷயத்தை வெளியூர்க்காரர்கள் யோசிப்பதே இல்லை. ராமநாதபுரம் கடற்கரை ஒரு கடல் இல்லை, இரண்டு. ராம்நாட்டிலிருந்து இராமேசுவரம் போகும் நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. அதற்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மீனவர்கள் சுருக்கமாக வடகடல், தென்கடல் என்பார்கள். பெண் கடல், ஆண் கடல் என்றும் ஒரு பேச்சு உண்டு. கச்சான் அடிக்கிற மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசிக்குமேல் வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று வந்தால் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். தையில் நீங்கள் பார்த்துவிட்டுப் போகும் கடல் வேறு, ஆடியில் உங்களோடு குடியிருக்கப் போகும் கடல் வேறு.

ஆனால் மண்டபத்தை நாங்கள் விட்டது காற்றுக்காக மட்டும் இல்லை. ராம்நாட்டுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர். காலையில் போய் மாலையில் வருகிறவருக்கு அது ஒன்றும் பெரிசில்லை. என் மனைவிக்கு மதிய ஷிப்ட் என்றால் இரவு ஒன்பதரைக்குத்தான் பஸ் ஏறுவாள். நான் பத்தே முக்காலுக்கு நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திக்கொண்டு ஹெட்லைட் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். அமாவாசை நாளில் இராமேசுவரம் பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. தை அமாவாசை, ஆடி அமாவாசை என்றால் கேட்கவே வேண்டாம். ரயிலை நம்பலாமா? மதுரை பாசஞ்சரும் சென்னை வண்டிகளும் இராமேசுவரம் வரை போகின்றன. ஆனாலும் வேலைக்குப் போய் வர ரயில் நேரம் எல்லாருக்கும் ஒத்து வராது. உங்கள் கணவருக்கு வங்கி வேலை என்பதால் இது எங்களைப் பாடுபடுத்திய அளவுக்கு உங்களைப் படுத்தாது. மார்ச் மாதக் கடைசியில் மட்டும் படுத்தும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். இதில்தான் எங்கள் தரகர் எங்களை நன்றாக ஏமாற்றினார், நாங்களும் ஏமாறத் தயாராக இருந்தோம். "நல்ல தண்ணி, போர் தண்ணி, இருபத்துநாலு மணி நேரமும் வரும்" என்றார். வந்தது. குடியேறிய மறுநாள் காலையில் டீ போட்டால் பால் திரிந்துவிட்டது. பால்தான் கெட்டது என்று நினைத்து வேறு பால் வாங்கி வந்தேன். அதுவும் திரிந்தது. பகலில் சாம்பாருக்குப் பருப்பு வைத்தேன். எட்டு விசில் விட்டும் குக்கரைத் திறந்தால் முழுசு முழுசாகக் கிடக்கிறது. சாயங்காலம் பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "உப்புத் தண்ணியில பருப்பு எப்படிப்பா வேகும்?" என்று சிரித்துவிட்டு, அவர்கள் வீட்டுக் குடத்திலிருந்து ஒரு சொம்பு ஊற்றிக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி சாம்பார் கொதித்தது.

இந்த மாவட்டத்தில் பல ஊர்களில் குழாயில் காவிரித் தண்ணீர் வரும். கூட்டுக் குடிநீர்த் திட்டம், திருச்சிப் பக்கத்திலிருந்து அவ்வளவு தூரம் குழாயில் வருகிறது. தினமும் வரும் என்று நினைக்காதீர்கள். வராத நாளில் குடம் கணக்கில் விலைக்கு வாங்க வேண்டும். அப்போது வண்டி எத்தனை மணிக்கு வரும், யார் வீட்டில் இருந்து பிடித்து வைப்பது? பகலில் வீட்டில் இருப்பவர்தான். எங்கள் வீட்டில் நான், உங்கள் வீட்டில் நீங்கள். மீட்டிங் நடுவில் ஹாரன் கேட்டால் கேமராவை அணைத்துவிட்டுக் குடத்தோடு ஓட வேண்டும். நான் ஓடியிருக்கிறேன்.

அதனால் வீடு பார்க்கப் போகும்போது கைப்பையில் ஒரு பிடி துவரம் பருப்பு எடுத்துப் போங்கள் என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறேன். வேக வைத்துப் பார்க்க முடியாவிட்டால், பக்கத்து வீட்டில் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் கேளுங்கள். அவர்கள் குழாயில் பிடிக்கிறார்களா, தனியாக வைத்த குடத்தில் மொண்டு தருகிறார்களா என்று கவனியுங்கள். தரகர் சொல்லாதது அதில் தெரிந்துவிடும்.

உச்சிப்புளிக்கு நாங்கள் வந்ததே இந்தத் தண்ணீருக்காகத்தான். அந்தப் பக்கம் மணற்பாங்கான பூமி, தென்னந்தோப்பு அதிகம். மழைத் தண்ணீர் மணலில் இறங்கி மேலாகவே நிற்பதால் ஆழம் இல்லாத கிணற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. பேராசைப்பட்டு ஆழமாகப் போர் போட்டால் உப்புதான் வரும். எங்கள் வீட்டுக்காரர் கிணற்றில் சின்ன மோட்டார்தான் வைத்திருக்கிறார், பெரிசு வைக்க விடமாட்டார். முதலில் கஞ்சத்தனம் என்று நினைத்தேன். எல்லா வீடுகளிலும் இப்படி இருக்கும் என்று உறுதி சொல்ல மாட்டேன், தெருவுக்குத் தெரு மாறும். பருப்பை மறக்காதீர்கள்.

ஊர் எப்படி என்றால், பார்வைக்கு ஒன்றும் இல்லை. நெடுஞ்சாலையை ஒட்டிக் கடைத்தெரு, ரயில் நிலையம், பள்ளி, மருந்துக் கடை. ராம்நாட்டுக்கு ஏறக்குறைய 18 கிலோமீட்டர், இராமேசுவரம் போகிற வருகிற பஸ்ஸெல்லாம் இந்த வழிதான். வீட்டிலிருந்து கடல் தெரியாது. ஆனால் வண்டியை எடுத்தால் வடக்கே அரியமான் கால் மணி நேரம், சவுக்குத் தோப்பு, ஆழமில்லாத கடல். தெற்கே புதுமடம் பக்கம் போனால் தென்கடல். கச்சான் காலத்தில் வடக்கே போவோம், வாடையில் தெற்கே போவோம். வருடம் முழுக்க ஏதாவது ஒரு கடல் நம்மோடு பேசும் நிலையில் இருக்கிறது. பிரப்பன்வலசையில் துடுப்புப் படகு, பலகையில் நின்று துடுப்புப் போடுவதெல்லாம் சொல்லித் தருகிறார்கள். என் மனைவி கற்றுக்கொண்டாள். நான் கரையில் இருந்து செருப்பைப் பார்த்துக்கொண்டேன்.

குறை இல்லாமல் இல்லை. பக்கத்திலேயே கடற்படையின் விமானதளம், ஐஎன்எஸ் பருந்து. தாழப் பறக்கும் விமானம், ஹெலிகாப்டர் சத்தம் அடிக்கடி இருக்கும். வேலையில் அழைப்புகள் அதிகம் என்றால் நல்ல ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள். இணைய இணைப்பு எந்தத் தெருவில் நிலையாக இருக்கிறது என்று அங்கே குடியிருப்பவர்களிடமே விசாரியுங்கள், இன்வெர்ட்டர் கட்டாயம். சினிமா, நல்ல துணிக்கடை எதற்கும் ராம்நாடுதான். 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால் ஆஸ்பத்திரிக்கு முன்பு மாதிரி எல்லாவற்றுக்கும் மதுரை ஓட வேண்டியதில்லை. பெரிய விஷயம் என்றால் இன்னும் மதுரைதான், 110 கிலோமீட்டருக்குமேல்.

நீங்கள் கேட்ட மற்ற இரண்டு. கீழக்கரை எனக்குப் பிடித்த ஊர். ராம்நாட்டுக்குப் பதினைந்து, இருபது கிலோமீட்டர், பஸ் நிறைய. பழைய துறைமுகப் பட்டணம், நெருக்கமான சந்துகள், பெரிய பெரிய வீடுகள், அண்ணனைக் காக்கா, அக்காவை லாத்தா என்று கூப்பிடும் பேச்சு. தொதல் என்கிற இனிப்பை அங்கே வாங்கிச் சாப்பிட்டால்தான் தொதல். ஆனால் நீங்கள் கற்பனை செய்கிற கடற்கரை வாழ்க்கை அங்கே இல்லை, அது கடல் ஓரத்தில் இருக்கும் நெருக்கமான நகரம். வாடகைக்கு வீடு பலகை பார்த்துக் கிடைக்காது, தெரிந்தவர் சொன்னால் கிடைக்கும். தெரிந்தவர் இருக்கிறார் என்றால், பகலில் தனியாக இருக்கப் போகும் உங்களுக்கு உச்சிப்புளியைவிடக் கீழக்கரை நல்ல துணை என்றுகூடச் சொல்வேன்.

தேவிபட்டினமும் ராம்நாட்டுக்கு அதே தூரம்தான், கிழக்குக் கடற்கரைச் சாலையில். கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம் என்கிற நவக்கிரகக் கோயிலுக்கு வருகிறவர்கள் வந்து போவார்கள், மற்றபடி அமைதி. அந்தக் கரை சேறு கலந்தது, காலாற நடக்கிற மணல் குறைவு. வாடகை மலிவாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இராமேசுவரம் யாத்ரீகர்களுக்கான ஊர், வீட்டு வாடகையைக்கூட லாட்ஜ் கணக்கில் யோசிப்பார்கள். மழை பெய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 2024 நவம்பர் 20 ஒன்று போதும், ஒரே நாளில் 40 செ.மீ.க்குமேல் கொட்டியது. தொண்டி, சாயல்குடி, வாலிநோக்கம் எல்லாம் அழகு, ஆனால் தினமும் ராம்நாடு போய் வரும் தூரம் இல்லை. வாலிநோக்கம் ஞாயிற்றுக்கிழமைக்கு.

எந்த ஊரானாலும் உங்கள் சாமான்கள் துருப்பிடிக்கும். இரும்பு கேட், பிரிட்ஜின் பின்பக்கம், வண்டிச் செயின், ஏசியின் வெளிப்பெட்டி. எங்கள் புது ஏசி மண்டபத்தில் ஒரே வருடத்தில் பல்லிளித்தது. கடலிலிருந்து மூன்று நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்தால் இதுவும் கொஞ்சம் குறையும்.

மீன் பற்றி ஒரு வார்த்தை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகாது. அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகில் வருவதுதான், விலையும் ஏறும். எங்கள் தெருவுக்கு வரும் மீன்கார அக்கா அப்போது கூடையை இறக்கும் முன்பே, "தம்பி, விலை கேட்டுட்டு மூஞ்சியச் சுளிக்கக் கூடாது, சொல்லிட்டேன்" என்பார்.

மனை வாங்கும் யோசனை இருந்தால் இப்போது வேண்டாம். உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உண்டு, "பீச் பிளாட்" என்று விற்பவர்கள் அதைச் சொல்ல மாட்டார்கள். உச்சிப்புளி பக்கம் என்றால் விமானதளத்தால் ஏதும் கட்டுப்பாடு உண்டா என்றும் கேளுங்கள். முதலில் ஒரு முழு வருடம் வாடகையில் இருங்கள், இரண்டு காற்றையும் பார்த்துவிடுங்கள்.

வீடு பார்க்க ஆடி மாதம் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், செவ்வாய் புதன் மாதிரி ஏதாவது ஒரு வேலை நாள். கணவர் ராம்நாட்டில் பேங்க்கில் இருக்கட்டும், நீங்கள் மட்டும் பகல் இரண்டு மணிக்கு அந்தத் தெருவுக்குப் போங்கள். யார் வெளியே இருக்கிறார்கள், எந்தக் கடை திறந்திருக்கிறது, அழைத்தால் ஆட்டோ வருகிறதா என்று பாருங்கள். மாலையில் அவரோடு சேர்ந்து கடலைப் பார்த்துக்கொள்ளலாம்.