சாக்கெட் உருகியும் எம்.சி.பி. ஏன் விழவில்லை?

கேள்வி: 2000 வாட் ரூம் ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டி ஓட்டினோம். சாக்கெட் பழுப்பேறி உருகிவிட்டது. 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிரிப் ஆகவே இல்லை. கோளாறு எதில்?

பதில்: எம்.சி.பி.யில் இல்லை. கரண்ட் அளவுக்கு மீறிப் போகிறதா என்பதை மட்டும்தான் அது பார்க்கும். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் சுமார் 8.7 ஆம்பியர், அதன் கணக்கில் எல்லாம் ஒழுங்கு. சூடு கிளம்பியது சாக்கெட்டுக்குள், பிளக் பின்னும் பித்தளைத் தகடும் தொடும் இடத்தில். பிடிப்பு தளர்ந்து அங்கே 0.2 ஓம் தடை வந்தாலே போதும், 15 வாட் வெப்பம் ஒரு சிறு புள்ளியில் தேங்கும். சூடேறிய தகடு இன்னும் தளரும், தடை கூடும், சூடு இன்னும் ஏறும். கருகிய வாடை வருவதற்குள் பிளாஸ்டிக் இளகியிருக்கும்.

பாக்ஸ் வாங்கும்போது மேலே அச்சடித்த ஆம்பியரை மட்டும் நம்பாதீர்கள். ஒயரின் மேலுறையைப் படியுங்கள். 0.75 சதுர மில்லிமீட்டர் என்றிருந்தால் அது 6 ஆம்பியர் வேலைக்கானது. 16 ஆம்பியர் என்று விற்கும் பாக்ஸில் குறைந்தது 1.5 இருக்க வேண்டும். எதுவுமே அச்சிடப்படவில்லையா, வைத்துவிட்டு வாருங்கள். கடையிலேயே ஒரு பிளக்கைச் செருகி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தப் பாக்ஸ் வேண்டாம்.

இன்னொன்று: ஹீட்டரின் பிளக் பின் கறுத்திருந்தால் பிளக்கையும் மாற்றுங்கள். அதே பின்னைப் புது சாக்கெட்டில் செருகினால் அதுவும் சீக்கிரமே கெடும். உண்மையில் ஹீட்டருக்கு எக்ஸ்டென்ஷனே கூடாது, சுவரில் உள்ள 16 ஆம்பியர் சாக்கெட்தான். முதல் முறை 20 நிமிடம் ஓடியதும் அணைத்துவிட்டு பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடு ஆகாது.

கேள்வி: வீட்டுக்குத் தீயணைப்பான் வாங்க வேண்டும். ஏ.பி.சி. பவுடரா, கார்பன் டை ஆக்சைடா?

பதில்: ஒன்றுதான் என்றால் 2 கிலோ ஏ.பி.சி. பவுடர். மரம், துணி, பெட்ரோல், மின்சாதனம் எல்லாவற்றுக்கும் ஆகும். ஆனால் பவுடர் பட்ட கம்ப்யூட்டர், டி.வி. பிழைப்பது அரிது, ஈரம் சேர்ந்தால் உலோகத்தை அரிக்கும். கார்பன் டை ஆக்சைடு படிவு எதையும் மிச்சம் வைக்காது, ஆனால் சிலிண்டர் கனம், துணி, மரத் தீ மறுபடி பற்றிக்கொள்ளும். சின்ன மூடிய அறையில் மூச்சும் முட்டும்.

பவுடர் சிலிண்டரில் அழுத்தம் காட்டும் முள் பச்சைப் பகுதியில் இருக்க வேண்டும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரில் முள்ளே கிடையாது, எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். எந்த வகையானாலும் வெறும் பத்து நொடிதான் பீய்ச்சும், அதனால் தீயின் அடியைக் குறிவையுங்கள். சோதிக்கிறேன் என்று ஒரு முறை அமுக்கிவிடாதீர்கள். வால்வில் பவுடர் சிக்கி அழுத்தம் மெல்லக் கசிந்துவிடும், பிறகு ரீஃபில்தான்.

வாணலி எண்ணெய் பற்றினால் இரண்டையுமே எடுக்க வேண்டாம், பீய்ச்சும் வேகத்தில் எரியும் எண்ணெய் தெறிக்கும். தண்ணீர் அதைவிட மோசம். அடுப்பை அணைத்து, தட்டையான உலோக மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள். ஆறும்வரை திறக்காதீர்கள். தீயணைப்பானை அடுப்புக்குப் பக்கத்தில் மாட்டாமல் வெளியேறும் வாசலருகே மாட்டுங்கள்.

கேள்வி: புகை அலாரம் சமைக்கும்போதெல்லாம் அலறுகிறது. கழற்றிவிடலாமா?

பதில்: இடத்தை மாற்றுங்கள். அடுப்பிலிருந்து 3 மீட்டராவது தள்ளி, படுக்கையறைக்கு வெளியே, கூரையில். புகையை ஒளியால் கண்டுபிடிக்கும் ஒளி உணரி வகை அலாரத்துக்கு இந்தத் தொல்லை குறைவு, மெத்தை, சோபா கனன்று புகைவதையும் அது சீக்கிரம் பிடிக்கும். மாதம் ஒரு முறை பட்டனை அமுக்கிப் பாருங்கள். பின்புறத் தேதியிலிருந்து 10 ஆண்டு ஆகியிருந்தால், ஒலித்தாலும் புதிது வாங்குங்கள். பட்டன் சோதிப்பது பேட்டரியையும் ஒலியையும்தான், உணரி தூசியடைந்து மந்தமானதை அது காட்டாது.