எம்பிஏ சேர்க்கையில் மதிப்பெண்ணுக்கு எவ்வளவு இடம்? கேள்வி பதில்

கேள்வி: இளநிலைப் பட்டத்தில் மதிப்பெண் குறைவு. எம்பிஏ சேர்க்கைக்கான ஜிமேட் (GMAT) நுழைவுத் தேர்வில் நல்ல ஸ்கோர் எடுத்துச் சரிக்கட்டலாமா?

பதில்: ஓரளவுக்குத்தான். சேர்க்கைக் குழு இரண்டையும் பார்ப்பது ஒரே காரணத்துக்காக: ஆரம்பத்திலேயே வரும் புள்ளியியல், நிதி, கணக்கியல் பாடங்களை இவர் சமாளிப்பாரா? ஜிமேட் சில மாதத் தயாரிப்பைக் காட்டும். பட்ட மதிப்பெண் சில வருட உழைப்பைக் காட்டும். அதனால் ஒன்று மற்றொன்றை முழுசாக அழித்துவிடாது.

சராசரியோடு நிறுத்தாமல் மதிப்பெண் பட்டியலையும் புரட்டுவார்கள். முதல் வருடம் சறுக்கி, கடைசி வருடம் ஏறியிருந்தால் உங்களுக்குச் சாதகம். நோய், குடும்பப் பொறுப்பு என்று உண்மையான காரணம் இருந்தால் விண்ணப்பத்தோடு தரும் கூடுதல் கட்டுரையில் நான்கைந்து வரியில் சொல்லுங்கள். பேராசிரியர்மேல் பழி போட வேண்டாம், அது எடுபடாது. அடி வாங்கியது கணக்குப் பாடங்களில்தான் என்றால், விண்ணப்பிக்கும் முன்பே புள்ளியியலோ கணக்கியலோ ஒரு படிப்பில் சேர்ந்து நல்ல மதிப்பெண்ணோடு முடியுங்கள். விளக்கம் எழுதுவதைவிட இது பலமான பதில்.

கேள்வி: ஜிமேட்டில் 645 வந்திருக்கிறது. எல்லோரும் 700 வேண்டும் என்கிறார்களே?

பதில்: அந்த 700 பழைய தேர்வின் கணக்கு. 2023 நவம்பரில் வந்த புதிய ஜிமேட்டில் ஸ்கோர் 205 முதல் 805 வரை, எப்போதும் 5 என்ற இலக்கத்தில்தான் முடியும். இதில் 645 ஏறக்குறைய பழைய 700க்கு ஈடு. கல்லூரி வெளியிடும் சராசரி எந்தத் தேர்வுக்கானது என்று பார்த்துவிட்டு ஒப்பிடுங்கள். அப்புறம், சராசரி என்றாலே அதற்குக் கீழே எடுத்தவர்களும் உள்ளே இருக்கிறார்கள். அதைத் தகுதிக் கோடாக நினைத்து விண்ணப்பிக்காமலே விட்டுவிடுபவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

கேள்வி: ஜிமேட்டுக்குப் பதிலாக, மேற்படிப்புக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிஆர்இ (GRE) எழுதினால் மதிப்பு குறையுமா?

பதில்: குறையாது. பெரும்பாலான கல்லூரிகள் இரண்டையும் ஏற்கின்றன. மாதிரித் தேர்வு இரண்டிலும் எழுதிப் பார்த்து, நன்றாக வருவதை எடுங்கள்.

கேள்வி: என் சிஜிபிஏ (பட்டப்படிப்பின் மொத்தச் சராசரிப் புள்ளி) 10க்குக் கணக்கிட்டது. 4க்கு மாற்றித் தரவா?

பதில்: கல்லூரி கேட்காதவரை வேண்டாம். பட்டியலில் உள்ளபடியே கொடுங்கள்.

கேள்வி: மறுபடி ஜிமேட் எழுதலாமா?

பதில்: 16 நாள் இடைவெளி விட்டு எழுதலாம், 12 மாதத்தில் 5 முறை வரை. ஆனால் மாதிரித் தேர்வுகளில் உங்கள் ஸ்கோர் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையா? அந்த நேரத்தைக் கட்டுரைகளுக்கும் பரிந்துரைக் கடிதங்களுக்கும் கொடுங்கள்.