சூரியனுக்குள்ள டார்க் மேட்டர் சிக்கியிருக்கா?

கேள்வி: ஈர்ப்ப வெச்சுதான் இருக்குன்னே தெரியிற டார்க் மேட்டர் கண்ணுக்கே தெரியாதுங்கிறாங்க, நியூட்ரினோங்கிற குட்டித் துகள் எதுலயும் சிக்காதுங்கிறாங்க. அப்புறம் எப்படி சார் ஒண்ண வெச்சு இன்னொண்ணத் தேடுறாங்க?

பதில்: டார்க் மேட்டரை நேரடியா பிடிக்கப் போறதில்ல, அது அழியும்போது வெளிய வர்றத பிடிக்கப் பாக்குறாங்க. சூரியன் வழியா போற டார்க் மேட்டர் துகள் எப்பவாச்சும் ஒரு ப்ரோட்டான்ல மோதி வேகம் குறைஞ்சா, ஈர்ப்புல சிக்கிடும், அப்படியே நடு மையத்துக்கு இறங்கிடும், இப்படி 460 கோடி வருஷமா சேர்ந்துக்கிட்டே இருந்தா ரெண்டு ரெண்டா மோதி அழியணும் (இதெல்லாம் விம்ப்னு சொல்ற வகை துகள் நெஜமாவே இருந்தாத்தான்). அதுல வர்ற மத்ததெல்லாம் சூரியனுக்குள்ளயே முடிஞ்சுபோகும், நியூட்ரினோ மட்டும்தான் தப்பிச்சு வெளிய வரும்.

சூரியன்ல இருந்து சாதாரணமாவே நியூட்ரினோ கொட்டுதே, குழம்பாதான்னு கேப்பீங்க. குழம்பாது. அணுக்கரு இணைவுல வர்ற நியூட்ரினோவோட எனர்ஜி 20 மெகா எலக்ட்ரான் வோல்ட்டைக்கூட (துகளோட எனர்ஜிய அளக்கற அலகு) தாண்டாது, டார்க் மேட்டர்ல இருந்து வர்றது ஆயிரம் மடங்குக்கு மேலயும் இருக்கலாம். சூரியன் பக்கமிருந்து அந்த மாதிரி எனர்ஜில எதிர்பார்த்ததவிட அதிகமா வந்தா, வேற காரணம் சொல்றது ரொம்ப கஷ்டம். எனக்கு இந்த ஐடியால பிடிச்சதே இதான்.

கேள்வி: அதுக்கு ஏன் தென் துருவம் வரைக்கும் போகணும்?

பதில்: ஐஸ்தான் காரணம். நியூட்ரினோவ பிடிக்க அங்க ஐஸுக்குள்ள புதைச்சிருக்கற ஐஸ்கியூப் டிடெக்டர்ல 1450 மீட்டர்ல இருந்து 2450 மீட்டர் ஆழம் வரைக்கும் 86 கேபிள்ல 5160 சென்சார் தொங்குது, 2010 கடைசில கட்டி முடிச்சாங்க. நியூட்ரினோ மோதி மியூவான் (எலக்ட்ரான் மாதிரி, ஆனா கனமான துகள்) உருவானா அது ஐஸுக்குள்ள ஒளி போற வேகத்தவிட வேகமா ஓடும், அப்போ வர்ற நீல வெளிச்சத்த வெச்சு எந்தத் திசைன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. பெரிய தொல்லை, விண்வெளில இருந்து வர்ற காஸ்மிக் கதிர் காத்துல மோதி, மேல இருந்து கொட்டுற மியூவான்தான். அங்க மார்ச் முதல் செப்டம்பர் வரைக்கும் சூரியன் அடிவானத்துக்குக் கீழ இருக்கும், அப்போ சூரியன்ல இருந்து வர்ற நியூட்ரினோ பூமிய ஊடுருவி கீழ இருந்து வரும், மியூவானால அப்படி வர முடியாது, அதனால பூமியே ஃபில்டர் ஆயிடுது!

கேள்வி: ஏதாச்சும் கெடச்சுதா?

பதில்: இல்ல. ஜப்பானோட சூப்பர்-கமியோகாண்டே, 50,000 டன் தண்ணித் தொட்டி, அதுலயும் இல்ல. ஆனா கெடைக்கலங்கிறதும் ஒரு ரிசல்ட்தான், சூரியன் பெரும்பாலும் ஹைட்ரஜன்கிறதால ப்ரோட்டானோட ஸ்பின்ன (துகளுக்கே உள்ள, சுழற்சி மாதிரி ஒரு குணம்) பொறுத்து மோதற வகை டார்க் மேட்டருக்கு, மோதற வாய்ப்பு இதுக்கு மேல இருக்க முடியாதுன்னு இவங்க போட்ட லிமிட் ரொம்பவே கறாரானது.