மோட்டர் திருத்தியவருக்கு 2500 ரூபா

வணக்கம் ஐயா,

கொழும்பு வேலையை விட்டு ஊருக்கு வந்து, யாழ்ப்பாணம் கோண்டாவிலில் வாடகை வீட்டில் இருக்கிறேன். காணி, கார் ஒன்றும் வாங்கும் எண்ணமில்லை. தேவைக்கு வாடகைக்கு எடுத்தால் போதும், அதுதான் விடுதலை. எங்கள் ஊர்த் துறவி யோகர் சுவாமியும் ஒன்றுமில்லாமல்தானே இருந்தார்? அப்பா ஏசுகிறார். அது போகட்டும். தண்ணீர் மோட்டர் பார்க்க வந்தவர் பத்து நிமிட வேலைக்கு 2500 ரூபா வாங்கினார். அநியாயமில்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

காணி வாங்காததற்கு நான் ஏசமாட்டேன். ஒரு முழ வேலிக்காகத் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறிய ஊர் இது. 1995 ஒக்ரோபர் 30 இரவு போருக்குப் பயந்து வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டபோது காணி உறுதியைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தவர்கள் எத்தனையோ பேர். அப்பாவை அந்தக் கண்ணாலும் பாருங்கள்.

2500 ரூபா விசயத்தில் உங்களோடு ஒத்துவரமாட்டேன். மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றதா? கரண்டை நிற்பாட்டிவிட்டுத் தண்டைக் கையால் ஒருமுறை சுற்றிப் பார்த்திருப்பார். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் மோட்டரைத் தொடக்கிவிடும் கப்பாசிற்றர் பழுது, இறுகி நின்றால் தண்டைத் தாங்கும் பெயரிங் பழுது. இதைப் பிரித்தறியப் பழகவே அவருக்கு வருசங்கள் போயிருக்கும். நீங்கள் ஒன்றும் வைத்திருக்காமல் இருக்க, மீட்டர், குறடு, மோட்டார் சைக்கிள் எல்லாம் அவர் வைத்திருக்க வேண்டியிருக்கிறது.

யோகர் சுவாமி கொழும்புத்துறைக் கொட்டிலில் இருந்தார், உண்மை. அங்கே சோறு கொண்டுபோனவர்களும் இருந்தார்கள். 1935இல் அவர் தொடங்குவித்த இதழின் பெயர் ‘சிவதொண்டன்’. துறவியை இழுத்தால் இதையும் சேர்த்து இழுக்கவேண்டும்.

இங்கே ஒன்றுமில்லாமல் இருந்த எல்லோரும் விரும்பி அப்படி இருக்கவில்லை. முடி வெட்டியவரும் உடுப்பு வெளுத்தவரும் கூலி இவ்வளவு என்று வாய் திறக்க முடியாத காலம் இருந்தது. அறுவடையில் ஒரு பங்கு, நன்மை தீமைக்குக் கொடுப்பது, அவ்வளவுதான். அதையும் முற்றத்துக்கு அப்பால் நின்று வாங்கவேண்டும். பலருக்குக் குடியிருந்த நிலமும் பிறருடையது. அவர்களிடம் போய் விடுதலை என்று சொல்லிப் பார்த்திருந்தால் என்ன கிடைத்திருக்கும்? இன்றைக்கு ஒரு தொழிலாளி உங்கள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, ‘2500’ என்று முகம் பார்த்துச் சொல்கிறார். எனக்கு அது சந்தோசமாக இருக்கிறது. கூடவாகப் பட்டால் வேலைக்கு முதலே கேட்டுப் பேசுங்கள். முடிந்தபிறகு முணுமுணுக்க வேண்டாம்.

இன்னொன்று: வாடகை ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால் பில்லை வீட்டுக்காரரிடம் கொடுத்துப் பாருங்கள். மோட்டர் அவருடையதுதானே.